பத்திரம் போட்டால் பாடு தீருமா?

"பத்திரம் போட்டாச்சுல்லா அண்ணாச்சி, இனி இந்த வண்டியால ஒங்களுக்கு ஒரு பாடும் இல்ல."

குமரி மாவட்டத்து இரணியல், திங்கள்சந்தை வட்டாரத்தில் பழைய வண்டி கைமாறும் இடங்களிலெல்லாம் வருடக்கணக்காகக் கேட்கிற வேதவாக்கு இது. சொல்பவர் புரோக்கர், தலையாட்டுபவர் விற்றவர். கோர்ட் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை நம்புகிறோமே என்பதுதான் எரிச்சல்.

அந்தப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். "இன்று பகல் 11.30 மணி முதல் மேற்படி வாகனத்தால் ஏற்படும் நன்மை தீமைகளுக்கு வாங்குபவரே பொறுப்பு." முகூர்த்த ஓலை மாதிரி மணி வரை எழுதத் தெரிகிறது. கூடவே ஒப்பு வாங்கும் பெயர்மாற்றப் படிவம் 29, 30-இல் வாங்குபவர் பெயர் மட்டும் காலி!

"பேரு மாத்துறது வாங்குனவன் வேலை" என்பார்கள். பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவு வாங்கியவருக்கு 30 நாள் தருகிறது. விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிற வரி அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதைப் புரோக்கர் வாசிப்பதில்லை.

சரி, தெரிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2007-இல் ஒருவர் காரை விற்றார். அது கைமேல் கை மாறியது, ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. 2009 மே மாதம் பின்னோக்கி எடுத்த அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. நஷ்டஈடு யார் தருவது? நான் விற்றுவிட்டேன் என்றார் முதல் ஆள். நானும் விற்றுவிட்டேன் என்றார் அடுத்தவர். கடைசியாக வைத்திருந்தவர் கொடுக்கட்டும் என்றது பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், பாதிக்கப்பட்டவர் கைமாறிய வரிசையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்றது. விற்றுப் பல காலம் ஆனவர் தலையில் நஷ்டஈடு விழுந்தது. 11.30 மணிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வாங்கினவன் மேல் தனியாக வழக்குப் போடலாம், ஆள் அகப்பட்டால்.

"இன்சூரன்ஸ் இருக்குல்லா" என்பார்கள். முடிந்த பிறகு புதுப்பிப்பது யாராம்?

"தெரிஞ்ச பையன்தான்." அந்தத் தெரிந்த பையன் யாருக்கு விற்றான் என்பது தெரியுமா? வண்டி களியக்காவிளை தாண்டிக் கேரளா போனால் படிவம் 28, தடையில்லாச் சான்று என்று வேறு கதை.

படிவத்தில் விட்ட அந்தக் காலி இடத்தால் யாருக்கு லாபம்? தன் பெயர் எங்கும் ஏறாமல் வண்டியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற புரோக்கருக்குத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததை இணையத்தில் பதிந்தால் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்த தடவை ஒப்பு கேட்டு வந்தால், "அந்த அங்கீகாரச் சான்றக் காட்டும், பெறவு பேனாவ எடுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.