மண் காத்திருக்கிறது, மழை காத்திருக்குமா?

முரசுமோட்டைக் கமக்காரன் கேட்பது சலுகையன்று. ஒரு கேள்விக்கு விடை. என் வயலுக்கு என்ன பசளை வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதே அக்கேள்வி. விடை இல்லாத கேள்வியன்று இது. அறிவியல் அதற்கு விடை கண்டு பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அந்த விடை, வேண்டிய நாளில் வேண்டியவன் கைக்கு வந்து சேருகின்றதா? இதுவே நாம் எழுப்பும் வினா.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், கண்டாவளைப் பிரதேசத்தின் வயல்களுக்கு நடுவே கிடக்கின்றது முரசுமோட்டை. இரணைமடுவின் நீர் பாயும் நிலம் அது. போர் அம்மக்களை வேரோடு பிடுங்கி எறிந்தது. 2009இன் பேரழிவுக்குப் பின் அவர்கள் மீண்டு வந்து, பற்றை மண்டிய வயலைத் திருத்தி, மறுபடியும் ஏர் பூட்டினர். கடன்பட்டு விதைக்கும் அக்கைகளில் ஓர் அந்தர் பசளை கூடினாலும் நட்டம், குறைந்தாலும் நட்டம்.

காலக் கணக்கைப் பாருங்கள். சிறுபோகம் அறுத்தபின் ஆவணியில் வயல் வெறிதாகக் கிடக்கும்போது மண் எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் பரிசோதனை முடிவு வர வேண்டும். அடிக்கட்டுப் பசளை விதைப்போடு இடப்படுவது. முடிவு மார்கழியில் வந்தால் அது அறிவுரையன்று, வெறும் காகிதம். அதற்குள் பயிர் குடலையாகிவிடும். மண் ஆய்வுகூடத்தின் மேசையில் எத்தனை நாளும் காத்திருக்கும். மழை காத்திருக்குமா?

தாமதம் எங்கே பிறக்கின்றது? கருவி இல்லை, ஆதலால் தாமதம் என்பர் பலர். மேடை போட்டு, மாலை சூட்டி, நாடா வெட்டித் திறந்து வைக்கப்படும் பெருங்கருவிகளைப் பற்றியே பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆனால் உண்மை வேறு. கருவி ஒரு மாதிரியை அளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு முன் நடக்கும் வேலைதான் நாட்களை விழுங்குகின்றது. அந்த வேலைக்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை.

அது யாது? உரப்பையில் வந்த மண்ணை நிழலில் உலர்த்த வேண்டும். கட்டியை உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்க வேண்டும். பொசுபரசை அறிய வேண்டுமானால், 1954இல் அமெரிக்காவில் ஓல்சன் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் வகுத்த முறை இன்றும் பெருவழக்கு. அதன்படி 2.5 கிராம் மண்ணை நிறுத்து, 50 மில்லிலீற்றர் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலை அளந்து ஊற்றி, சரியாக 30 நிமிடம் குலுக்கி, வடிதாளில் வடித்து, வடிநீரில் ஒரு பங்கை எடுத்து, நிறமூட்டும் கரைசலைச் சேர்த்து, நிறம் ஊன்றியபின் கருவிக்குக் கொடுக்க வேண்டும். நிறுத்தல், ஊற்றல், குலுக்கல், வடித்தல், ஐதாக்கல். பிறகு குடுவைகளைக் கழுவல். மறுபடியும் நிறுத்தல்.

ஒரு மாதிரியை நிறுக்க மூன்று நிமிடம் என்றே வைப்போம். நூறு மாதிரிகளை நிறுக்க மட்டும் 300 நிமிடம். ஐந்து மணி நேரம்! ஓர் ஊழியரின் ஒரு நாள் ஏறத்தாழ அதிலேயே கரைந்துவிடுகின்றது. இன்னும் ஒரு துளி கரைசல் ஊற்றப்படவில்லை. ஓர் ஊரின் மண்ணுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மாவட்டத்தின் மண்ணுக்கு என் செய்வது?

நேரம் மட்டுமா போகின்றது? நம்பகமும் போகின்றது. காலையில் பத்தாவது குடுவைக்குக் கரைசல் ஊற்றிய கையும், பிற்பகலில் தொண்ணூறாவது குடுவைக்கு ஊற்றிய கையும் ஒரே கையாயினும் ஒரே கையல்ல. சோர்வு அளவை மாற்றும். 30 நிமிடக் குலுக்கல் 45 நிமிடமானால், மண்ணிலிருந்து கரைந்து வரும் பொசுபரசின் அளவும் மாறும். குற்றம் அந்த ஊழியருடையதன்று. மனிதனை இயந்திரமாக்கி, அவன் இயந்திரம்போல் இயங்கவில்லை என்று குறைகூறுவது எந்த நீதி?

இந்த 2.5 கிராமின் பொறுப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஆறு அங்குல ஆழம்வரை உள்ள மண் ஏறத்தாழ 20 இலட்சம் இறாத்தல். அதாவது 900 தொன். அத்தனை மண்ணின் சார்பாகவும் பேச எழுந்து நிற்பது ஒரு சிட்டிகை. ஏறத்தாழ 36 கோடி மடங்கு மண்ணுக்கு அது சாட்சி. சாட்சியின் நாக்குக் குழறினால் தீர்ப்புப் பிழைக்கும். பிழைத்த தீர்ப்புக்குத் தண்டம் கட்டுபவன் கமக்காரன்.

ஆகவேதான் சொல்கின்றோம்: திரும்பத் திரும்பச் செய்யும் இந்த ஆயத்த வேலையைப் பொறியிடம் ஒப்படையுங்கள். இது புதுமை மோகமன்று. 1883இல் கோப்பன்ஹேகனில், மதுவடிசாலை ஒன்றைச் சேர்ந்த ஆய்வுகூடத்தில், யோகான் கெல்டால் என்பார் தானியத்தின் நைதரசனை அளக்க எளிய முறை கண்டார். அன்று ஒவ்வொரு குடுவையாக அமிலத்தில் காய்ச்சியதை, இன்று ஒரே உலோகக் கட்டையில் பல குழாய்களை வரிசையாகச் செருகி ஒரே வெப்பத்தில் காய்ச்சுகின்றனர். 1957இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ் என்பார், ஒரே குழாயில் மாதிரிகளை வரிசையாக ஓடவிட்டு, காற்றுக் குமிழ்களால் அவ்வோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கரைசல் சேர்ப்பதும் நிறம் அளப்பதும் தாமாகவே நடக்கும் பொறியை வெளியிட்டார். குருதிப் பரிசோதனைக்காகப் பிறந்த அப்பொறி, பின்னர் நீருக்கும் மண்ணுக்கும் பயன்பட்டது. குருதிக்கு உரிய விரைவு மண்ணுக்கும் உரியதென உலகம் உணர்ந்து வெகு காலமாயிற்று.

மறுப்போர் உளர். அவர்தம் மறுப்பை நாம் இகழவில்லை. பொறி வந்தால் வேலை போகும் என்பது முதல் மறுப்பு. வன்னியில் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபோது, அருவி வெட்டிப் பிழைத்த கூலிக் குடும்பங்களின் வாயிலிருந்து கவளம் பறிபோனதை நாம் மறக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானது. ஆயின் வயலும் ஆய்வுகூடமும் ஒன்றல்ல. வயலில் வேலைக்கு எல்லை உண்டு. நெல் அறுத்து முடிந்தால் முடிந்தது. ஆய்வுகூடத்திலோ செய்யப்படாத வேலையே மலையாகக் குவிந்து கிடக்கின்றது. பரிசோதிக்கப்படாத வயல்கள் எத்தனை! நீர் அறியப்படாத கிணறுகள் எத்தனை! சிறுநீரக நோய் வவுனியா வரை பரவி நிற்கையில், குடிநீரைச் சோதிக்கும் கைகள் மிகுதி என்று எவர் சொல்வார்? குடுவை கழுவும் சுமையிலிருந்து விடுபடும் இளைஞரையும் யுவதியரையும் வயலுக்கு அனுப்புங்கள்; கமக்காரனோடு நின்று முறைப்படி மண் எடுக்கட்டும்; முடிவை அவனுக்குத் தமிழில் விளக்கட்டும். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாத பொறியே நமக்கு வேண்டிய பொறி. இதனை எழுத்தில் தாருங்கள் என்று கேட்பதற்கு ஊழியருக்கு முழு உரிமையும் உண்டு.

மின்சாரம் எங்கே, உதிரிப்பாகம் எங்கே என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் பொருளுள்ள கேள்வியே. 2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டுக் கண்ட நாடு இது. டொலர் இன்றி மருந்துக்கே கையேந்திய நாடு. ஆகையால்தான், கோடிகள் விழுங்கும் இயந்திரக் கையைக் கொண்டுவந்து கண்ணாடி அறைக்குள் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்கின்றோம். சிறிதில் தொடங்குங்கள். ஒரே அழுத்தத்தில் 50 மில்லிலீற்றரை மாறாது ஊற்றும் அளவூற்றி. ஐம்பது குடுவைகளை ஒருங்கே குலுக்கி, நேரம் முடிந்ததும் தானே நிற்கும் குலுக்கி. பல மாதிரிகளை ஒன்றாக வடிக்கும் தட்டு. நிறையைக் கையால் எழுதாமல் நேரே பதியும் தராசு. இவை விண்வெளிக் கலங்களல்ல. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு பீடத்துக்குத் தேவை தெரியும். மறு பீடத்துக்குச் செய்யத் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ளது சிறு நடை. இங்கே செய்யப்படும் பொறி பழுதானால் இங்கேயே திருத்தலாம்.

வன்னி மண்ணுக்கு இரசாயனத் தொழில் புதிதுமன்று. ஆனையிறவின் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்த தொழிற்சாலை பரந்தனில் இயங்கியது. போர் அதனைத் தின்றது. ஒரு காலத்தில் நாட்டுக்கே இரசாயனம் அளித்த ஊரின் அயலில், ஒரு பிடி மண்ணின் சோதனை முடிவுக்குக் கமக்காரன் ஏங்கி நிற்பது எவ்வளவு வெட்கம்!

பொறியை நாம் தெய்வமாக்கவுமில்லை. கை தவறினால் ஒரு குடுவை தவறும். பொறி தவறினால் நூறும் தவறும்; அதுவும் ஒரே முகத்தோடு, ஒரே மாதிரி தவறும். ஆதலால் ஒவ்வொரு தொகுதியிலும் மண் இல்லாத வெற்றுக் குடுவை ஒன்றும், அளவு முன்னரே அறிந்த மண் ஒன்றும், இரட்டித்த மாதிரி ஒன்றும் கூடவே செல்ல வேண்டும். அவை பிழைத்தால் அத்தொகுதி முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். இது மனிதனின் காவல். இதைப் பொறியிடம் விடலாகாது.

மாதிரி எடுக்கும் வேலையையும் பொறி செய்யாது. வரம்போரத்திலும், எருக் குவித்த இடத்திலும் அள்ளிய மண்ணை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் வருவது நுட்பமான பொய். இந்தியாவில் 2015இல் தொடங்கிய மண் நலச் சீட்டுத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 எக்டயருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் வகுத்தனர். ஆறு ஏக்கருக்கு மேற்பட்ட அப்பரப்பில் பல சிறு கமக்காரரின் வயல்கள் அடங்கக்கூடும். அயலவன் மண்ணின் சீட்டு என் வயலுக்கு எவ்வளவு பொருந்தும்? சீட்டின் தொகையைப் பெருக்குவது வேறு. அறிவைப் பெருக்குவது வேறு.

இது வெறும் ஆய்வுகூடச் சங்கதி, அரசியற் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவருக்கு 2021ஐ நினைவூட்டுகின்றோம். அவ்வாண்டு மே மாதம் வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தீவு முழுவதுக்கும் ஒரே அடியாக நிறுத்தியது. எந்த வயலில் எது மிகுதி, எது குறைவு என்று எவரும் கேட்கவில்லை. நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது, காலபோகமோ திரும்பவில்லை. அதே ஆண்டில் 20,000 தொன் சேதனப் பசளையோடு சீனாவிலிருந்து வந்த கப்பலின் கதை என்ன? மாதிரிகளில் தீய நுண்ணுயிர் உண்டென்றது நம் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை. விற்றவரோ பரிசோதித்த முறையே தவறென்றனர். பசளை இறங்கவில்லை. ஆயினும் 2022இன் தொடக்கத்தில் விற்றவருக்கு டொலரில் பணம் கொடுபட்டது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் உண்டென்றும் இல்லையென்றும் அறிக்கைகள் மோதிக்கொண்டதை வடபுலம் அறியும். 2019இல் உயர்நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கும்வரை மக்கள் எத்தனை வாசல் ஏறினர்! எண்ணெய் போத்தலின் சுவரில் ஒட்டும். கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அதன் உட்புறத்தையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்காவிடில் அளவு குறைந்தே காட்டும். நீரை எப்படி எடுத்தீர், எப்படி ஆயத்தம் செய்தீர் என்று குடிமகன் கேட்டால், பதிவேட்டைத் திறந்து காட்டும் ஆய்வுகூடம் வேண்டும். ஒவ்வொரு நிறையையும், ஒவ்வொரு துளியையும், ஒவ்வொரு நிமிடத்தையும் தானே பதியும் பொறி அதற்குத் துணை. இது அரசியல் இல்லையென்றால் வேறெது அரசியல்?

நம் கோரிக்கை ஐந்தே. ஆவணியில் வரும் மண்ணுக்குப் புரட்டாதி முடியுமுன் முடிவு தருக. அதற்கேற்ற சிறு பொறிகளை இங்கேயே ஆக்குக. அவற்றைப் பேணும் பணத்தையும் ஆண்டுதோறும் ஒதுக்குக. ஊழியர் ஒருவரையும் நீக்காது, அவரைக் கமநல சேவை நிலையங்களின் வழியே வயலுக்கு அனுப்புக. முடிவையும், அது பெறப்பட்ட முறையையும் கமக்காரனுக்கு விளங்கும் தமிழில் தருக.

இரணைமடுவின் அணைக்கட்டு 1902இல் தொடங்கி 1921இல் முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகள் பொறுத்துக் குளம் கண்ட மண் இது. அதன் பொறுமைக்கு எல்லை இல்லை என்று எவரும் எண்ணற்க. ஒரு கையெழுத்தில் தீவு முழுவதுக்கும் பசளை நிறுத்த முடிந்தது. ஒரு வயலுக்கு ஒரு சீட்டை ஒரு மாதத்தில் கொடுக்க முடியாதா? முரசுமோட்டை கேட்கின்றது. ஐப்பசி முகில் கூடுமுன் விடை வரட்டும்.