நேரத்துக்கும் கணக்கு வேண்டாமா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், விடியுமுன்பே கிளம்புகிறார்கள். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் நெரிசலில் நின்றுவிட்டால், வீடு திரும்ப இருட்டிவிடும். அந்த நேரம் நம் கையில் இல்லை. இரவில் கைப்பேசியில் கரையும் ஒரு மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ரோம் நகரின் தானிய விநியோகத்தைக் கவனித்த பவுலினஸ் என்ற அதிகாரிக்கு இதைத்தான் எழுதினார் செனெகா. ஆயுள் குறைவில்லை, வீணாக்குவதுதான் அதிகம் என்பது அவர் வாதம். காசு கேட்டால் யோசிக்கிறோம். நேரத்தையோ அள்ளிக் கொடுக்கிறோம். வள்ளுவர் நாளை உயிர் அறுக்கும் வாளாகவே கண்டார்.

ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அதுவரை அம்மா இருப்பாரா? சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். அந்த அரை மணி அம்மாவுக்கு. இன்றிரவு நீங்களும் வைத்துப் பாருங்கள்.