ஓட்டக்காரன் மலிவானது எப்படி?



அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கும் தம்பிமார் நம்ம ஊரிலும் சிலபேர் இருக்கிறீர்கள். ட்ராஃப்ட் காலம் வந்தால் உங்கள் போஸ்ட்களில் ஒரே பேச்சு: "ரன்னிங் பேக்கை முதல் சுற்றில் எடுப்பவன் மடையன்." இதில் பாதி சரி. எனக்குக் கோபம் மற்றப் பாதியில்தான்.

தெரியாதவர்களுக்காக: ரன்னிங் பேக் என்பவன் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவன். றக்பி பார்த்தவர்களுக்கு விளங்கும். பல்கலைக்கழகங்களுக்காக விளையாடும் பொடியன்களை என்எஃப்எல்லின் 32 அணிகளும் வருடாவருடம் முறை வைத்து 7 சுற்றுகளில் தெரிவுசெய்யும். அதுதான் ட்ராஃப்ட். எந்த அணிக்குப் போவது என்று பொடியனிடம் யாரும் கேட்பதில்லை.

முதலில் சரியான பாதி. 2012இல் கிளீவ்லண்ட், அலபாமாவின் ட்ரென்ட் ரிச்சர்ட்சனை 3ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த சீசனில் இரண்டு போட்டி முடிந்ததும் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. அதே 2012இல் வாஷிங்டன் 6ஆவது சுற்றில் 173ஆவதாக எடுத்த அல்ஃப்ரட் மொரிஸ் முதல் வருடத்திலேயே 1,613 யார்ட் ஓடினார். 2017இல் 86ஆவதாகப் போன கரீம் ஹண்ட் அந்த வருடமே லீக்கில் அதிகம் ஓடியவர். ஏரியன் ஃபொஸ்டரை எந்த அணியும் தெரிவுசெய்யவே இல்லை. 2010இல் 1,616 யார்ட் ஓடி முதலிடம் பிடித்தார். ஆகவே பொறுத்திருந்து எடுப்பது புத்திசாலித்தனம்தான். பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவது முன்னால் நிற்கும் ஐந்து தடியன்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் 3ஆம் சுற்றுப் பொடியனும் ஓடுவான்.

ஆனால் இதிலிருந்து நீங்கள் எங்கே போகிறீர்கள்? "ஓடுபவன் எவனும் ஒன்றுதான், அவனுக்குப் பெறுமதி இல்லை" என்கிறீர்கள். 2018இல் நியூயோர்க் ஜயண்ட்ஸ் சாகுவான் பார்க்லியை 2ஆவதாக எடுத்ததை இன்றைக்கும் கேலி செய்கிறீர்கள். அவரை 2024இல் அந்த அணி போகவிட்டது. பிலடெல்பியா 3 வருடத்துக்கு 37.75 மில்லியன் டொலர் கொடுத்து எடுத்தது. அந்த சீசனிலேயே 2,005 யார்ட் ஓடினார், சுப்பர் போலும் வென்றார். கால் அதே கால்தானே? ஜயண்ட்ஸ் விட்ட பிழை, சுவர் கட்டாமல் கூரை வாங்கியது. கேலி செய்வதென்றால் அதைச் செய்யுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். நான் கணக்கு வாத்தியார், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். பாடசாலை முடித்து மூன்று வருடம் போகாமல் என்எஃப்எல்லுக்குள் நுழைய முடியாது. ஆக, வரும்போது 21, 22 வயது. 2011 உடன்படிக்கைக்குப் பிறகு, தெரிவான பொடியனுக்கு 4 வருட ஒப்பந்தம். எத்தனையாவதாகத் தெரிவானான் என்பதை வைத்தே ஏறத்தாழ விலையும் முடிந்துவிடும். முதல் சுற்று என்றால் 5ஆவது வருடத்தையும் கிளப் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் முடிந்தால் "ஃபிரான்சைஸ் டேக்" போட்டு இன்னொரு வருடம் பிடித்து வைக்கலாம். கூட்டிப் பாருங்கள், 27 வயது வந்துவிடும். ஒவ்வொரு போட்டியிலும் இருபது தடவை மோதி விழும் உடம்புக்கு நல்ல வருடங்கள் அவைதான். அதற்குப் பிறகு பேரம் பேச வந்தால் "தேய்ந்த உடம்பு" என்கிறார்கள். குவாட்டர்பேக் 35 வயதிலும் விளையாடுவான், இரண்டாவது மூன்றாவது ஒப்பந்தத்தில் சம்பாதித்துக்கொள்வான். 2023இல் டேக் தொகை குவாட்டர்பேக்குக்கு 32 மில்லியனுக்கு மேல், ரன்னிங் பேக்குக்கு 10 மில்லியன் சொச்சம்.

"10 மில்லியன் போதாதா சேர்?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். ஆனால் அது உச்சியில் இருப்பவனுக்கு. 2022இல் 251ஆவதாகப் போன ஐசயா பச்செக்கோவைப் பாருங்கள். கன்சாஸ் சிட்டியோடு முதல் இரண்டு வருடத்திலும் சுப்பர் போல். 2024 செப்டெம்பரில் கால் எலும்பு முறிந்தது. அத்தனையும் 7ஆம் சுற்றுச் சம்பளத்தில். இப்படி ஒருவன் கிடைத்தால் ரசிகர்கள் "ஸ்டீல்" என்கிறார்கள். திருட்டு என்று அர்த்தம். யாரிடமிருந்து திருடியது?

டெரிக் ஹென்றியைக் கொண்டுவருவீர்கள், தெரியும். 30 வயதில் 1,921 யார்ட். அப்படியொரு உடம்பு இன்னொருவருக்கு இருந்தால் சொல்லுங்கள். ஒருவரை வைத்து நூறு பேருக்குச் சட்டம் எழுத முடியாது.

அணிகள் மலிவாக எடுக்கட்டும், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. வரிசையை முதலில் கட்டட்டும். ஓடுபவனை 2ஆம் 3ஆம் சுற்றில், பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவனாக, 67ஆவதாகக் கிடைத்த அல்வின் கமாரா மாதிரிப் பார்த்து எடுக்கட்டும். ஆனால் ரன்னிங் பேக்கின் முதல் ஒப்பந்தத்தை 3 வருடமாகக் குறைக்க வேண்டும், டேக் போடுவதை நிறுத்த வேண்டும். 25 வயதில் அவன் சந்தைக்கு வரட்டும். அப்போதும் ஒருவரும் காசு கொடுக்காவிட்டால், பெறுமதி இல்லை என்று நீங்கள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மறுப்பவர்கள் கொமண்டில் கணக்கோடு வாருங்கள்.