சேற்று நிலத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

கொம்பனித்தெருவில், பேர வாவியின் ஓரமாக எழுந்து நிற்கும் தொடர்மாடிகளின் விற்பனை விளம்பரங்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாவியைப் பார்த்தபடி அமைந்த வீடு என்பது அங்கே தனியானதொரு விற்பனைப் பொருள். வாவிக்கு ஒரு பணப்பெறுமதி இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. ஆனால் அந்தப் பெறுமதி கட்டட நிறுவனத்தின் வரவில் மட்டுமே பதிவாகிறது. அரசின் கணக்கில் வாவி, துப்புரவு செய்யப்பட வேண்டிய ஒரு செலவு மாத்திரமே.

போர்த்துக்கேயர் காலத்தில் கொழும்புக் கோட்டையின் பாதுகாப்பை ஒட்டி உருவான இந்த நீர்நிலை, காலத்துக்குக் காலம் நிரப்பப்பட்டுச் சுருங்கி, இன்று சுமார் 65 ஹெக்டயரில் வந்து நிற்கிறது. நிரப்பப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் விலை கிடைத்தது. தண்ணீராக இருந்தபோது அதற்கு விலை இருக்கவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நமது நாட்டில் நீர்நிலைகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் இறந்தால் மட்டுமே பொன்.

இந்தக் கோணலை நிமிர்த்துவதற்காகத்தான் சூழற்றொகுதிகளின் பெறுமதியைப் பணத்தில் மதிப்பிடும் துறை உருவானது. நிலப்பரப்புக் குறைந்த தீவு நாடுகளுக்கு இது மிக அவசியமானது. ஒரு சதுப்பு நிலம் போனால் மாற்று நிலம் தேட அங்கே இடம் இல்லை.

இலங்கை இத்துறையில் பின்தங்கிய நாடு என்று எண்ணிவிடக் கூடாது. கொழும்புக்கு வடக்கே, வத்தளைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே சுமார் 3,000 ஹெக்டயரில் பரந்திருக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலத்தை, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2003ஆம் ஆண்டிலேயே மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. ஆண்டொன்றுக்கு அந்த நிலம் தரும் பயன் சுமார் 72 கோடி ரூபா என்பது அதன் முடிவு. அதில் 48 கோடிக்கு மேற்பட்ட தொகை, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளநீரைத் தாங்கி வைத்து மெல்ல வெளியேற்றும் பணிக்கு உரியது. அடுத்த இடம் தொழிற்சாலைக் கழிவுநீரை வடிகட்டும் பணிக்கு. விறகு, மீன், பயிர்ச்செய்கை போன்றவை அதன் பின்னரே வந்தன. கண்ணுக்குத் தெரியும் பயன்களைவிடத் தெரியாத பயன்களே பெரியவை என்பதை அந்த அறிக்கை ரூபாவிலேயே காட்டியது.

அதன் பின் நடந்தது என்ன? அச்சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டிலிருந்தே சரணாலயமாக இருந்து வந்தது. இருந்தும் நிரப்புதல் நிற்கவில்லை. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை அப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. 2021இல் முத்துராஜவெல காணிகளை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ்க் கொண்டுவர வர்த்தமானி அறிவித்தல் வெளியானபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் சுற்றாடல் அமைப்புகளும் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. மதிப்பீடு வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அந்நிலத்தைக் காக்க முயன்றவர்களுக்கு வழக்கறிஞர்களே தேவைப்பட்டனர். எண்கள் துணைக்கு வரவில்லை.

கொழும்பின் எஞ்சிய சதுப்பு நிலங்களின் கதை சற்று வேறானது. 2010 நவம்பரில் பெய்த மழையில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. அதன் பின் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கப்பட்ட நகர அபிவிருத்தித் திட்டத்தில், எஞ்சிய சதுப்பு நிலங்கள் ஆராயப்பட்டன. அவை முற்றாக அழிந்தால், வெள்ளத்தினால் மட்டும் ஆண்டுதோறும் கொழும்புப் பெருநகரின் மொத்த உற்பத்தியில் சுமார் நூற்றுக்கு ஒரு வீதம் இழக்கப்படும் என்று கணக்கிடப்பட்டது. இந்தக் கணக்கு ஓரளவு செவிமடுக்கப்பட்டது. 2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லவின் தாழ்நிலத்தில் மலையாகக் குவிக்கப்பட்ட குப்பை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் புதையுண்டதை மறக்க முடியாது. சதுப்பு நிலம் என்றால் குப்பை கொட்டும் இடம் என்று எண்ணிய நிர்வாகத்துக்குக் கிடைத்த கணக்கு அது. சென்னை வாசகர்களுக்குப் பள்ளிக்கரணையும் பெருங்குடிக் குப்பைமேடும் நினைவுக்கு வரலாம்.

இனிக் கடலுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்பு மீனவர் தொழில் இழந்தனர். இலங்கை நியமித்த நிபுணர் குழு சேதத்தை 640 கோடி டொலர் என மதிப்பிட்டது. லண்டன் நீதிமன்றம் 2023இல் கப்பல் உரிமையாளரின் பொறுப்பை 1 கோடி 90 இலட்சம் பவுணுக்குள் மட்டுப்படுத்தியது. 2025 ஜூலை 24ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. கப்பல் நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. ஒரே விபத்துக்கு மூன்று தொகைகள்! நட்ட ஈட்டுச் சட்டங்கள் வேறுபடுவது இதற்கு ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. கடல் அழிவதற்கு முன்னர் அதன் நிலை என்ன, அதில் யாருக்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்ற பதிவு நம்மிடம் வலுவாக இல்லாவிட்டால், அழிந்த பின்னர் சொல்லும் எந்தத் தொகையையும் எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கவே செய்யும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டை இங்கே ஒப்பிடலாம். தீவு அல்லவாயினும், ஐ.நா. அதனைச் சிறு தீவு நாடுகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. அதன் முருகைக்கற் பாறைகளும் கண்டற் காடுகளும் ஆண்டுக்கு 39 கோடி முதல் 56 கோடி டொலர் வரை பயன் தருவதாக 2009இல் உலக வளங்கள் நிறுவகம் மதிப்பிட்டது. அதே ஆண்டில் ஒரு கப்பல் பாறையில் மோதியபோது, நட்ட ஈட்டு வழக்கில் அந்த ஆய்வு கைகொடுத்தது. 2017இல் அந்நாடு தன் கடலில் எண்ணெய் அகழ்வைத் தடைசெய்யும் சட்டத்தையும் இயற்றியது.

எனவே நம்மிடம் குறையாக இருப்பது ஆய்வல்ல, ஆய்வுக்குச் சட்ட வலு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. ஆனால் அந்த அறிக்கையில் சுற்றாடலின் செலவு - பயன் பகுப்பாய்வு இடம்பெற வேண்டுமா என்ற இடத்தில், அப்படியொரு பகுப்பாய்வு தயாரிக்கப்பட்டிருந்தால் மட்டும் சேர்த்தால் போதும் என்ற பொருளிலேயே சட்டம் வரைவிலக்கணம் தந்தது. ‘இருந்தால்’ என்ற இந்த ஒரு சொல்லின் வழியாக எத்தனை ஹெக்டயர் சதுப்பு நிலமும் வெளியேறிவிடலாம். தயாரிக்காதவர் குற்றவாளி அல்லர் என்றால், தயாரிக்க யார் முன்வருவார்?

இயற்கைக்கு விலை குறிப்பதே பாவம், விலை குறித்தால் விற்கவும் துணிவார்கள் என்று சொல்வோரை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால் விலை குறிக்காமல் விட்டதால் நிலம் காப்பாற்றப்பட்டதா? விலை குறிக்கப்படாத பொருளுக்கு அமைச்சரவைப் பத்திரத்தில் இடப்படும் விலை பூச்சியம். பூச்சியத்தோடு ஒப்பிட்டால் எந்தத் தொடர்மாடியும் இலாபமாகவே தெரியும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெள்ளத் தடுப்பின் பெறுமதியை, தவிர்க்கப்படும் சொத்துச் சேதத்தைக் கொண்டு கணக்கிடுவது ஒரு வழக்கமான முறை. அம்முறையில் மாளிகையைக் காக்கும் சதுப்பு நிலம் விலையுயர்ந்ததாகவும், கொலன்னாவவின் பலகை வீடுகளைக் காக்கும் சதுப்பு நிலம் மலிவானதாகவும் தோன்றும். பலகை வீட்டுக்காரருக்கு அதுவே முழுச் சொத்து என்பது அந்தத் தொகையில் தெரியாது. நிலத்தின் சந்தை விலையை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் என்ன நிகழும் என்பதைக் கொம்பனித்தெரு மக்கள் அறிவார்கள். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த இடத்தின் பெறுமதி எந்தப் பேரேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே சேதத்தின் தொகையோடு, பாதிக்கப்படுவோர் எத்தனை பேர், அவர்கள் மீண்டெழ எவ்வளவு காலம் ஆகும் என்பதும் அதே பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலாவதாக, சட்டத்திலுள்ள அந்த ‘இருந்தால்’ நீக்கப்பட்டு, சதுப்பு நிலம், கண்டல், முருகைக்கல் ஆகியவற்றைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் பகுப்பாய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட சூழற்றொகுதிக் கணக்கீட்டு முறையை, தேசிய வருமானக் கணக்கோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவதாக, அக்கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நிபுணர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் பரிமாறிக்கொள்ளும் கணக்கை எந்த மீனவரும் எந்தத் தாயும் எடுத்துக்காட்டி வாதாட முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டு, களனி கங்கையின் தாழ்நிலங்களையும் மூழ்கடித்தது. அந்த இழப்பின் தொகை எழுதப்பட்டுவிட்டது. மீள்கட்டுமானத்துக்கான திட்டங்கள் ஒவ்வொன்றாகக் கையெழுத்துக்கு வரும்போது, எஞ்சியுள்ள சேற்று நிலங்களின் கணக்கும் அந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறதா என்று கேட்பது பத்திரிகைகளின் கடமை, வாக்காளர்களின் உரிமை.