மாப்பிள்ளை, மியூட்டை எடுங்க!

போன வாரம் ஒரு கருத்தரங்கில் இளம் வழக்கறிஞர் ஒருவர் முழங்கினார். குழந்தைத் திருமணம், கட்டாயத் திருமணம் என்று இனி யாரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டாமாம். இணையவழிச் சமரசம் வந்துவிட்டதாம். திரையில் பெண் ஒரு கட்டத்தில், பெற்றோர் ஒரு கட்டத்தில். “மாப்பிள்ளை, மியூட்டை எடுங்க” என்பார் நடுவர். இதற்குக் கைதட்டல் வேறு!

15 வயதுப் பெண்ணின் கல்யாணம் என்ன வரப்புத் தகராறா, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்க? பதினாறரையில் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வருவார்களோ? 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். மாஜிஸ்திரேட் தடை போட்ட பிறகும் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது.

ஜோத்பூர் வழக்கைப் பாருங்கள். 12 வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண், வளர்ந்ததும் திருமணத்தை ரத்து செய்யக் கேட்டார். மாப்பிள்ளையோ கல்யாணமே நடக்கவில்லை என்று சாதித்தார். அவருடைய ஃபேஸ்புக்கில் நண்பர்கள் போட்டிருந்த கல்யாண வாழ்த்துகள் மாட்டிவிட்டன. 2017-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. இணையம் அங்கே சாட்சிக் கூண்டில் ஏறியது. நடுவர் நாற்காலியில் உட்காரவில்லை. இதே ஜோத்பூர் மாப்பிள்ளையைச் சமரசத்துக்குக் கூப்பிட்டிருந்தால்? முதல் அமர்வு முடிவதற்குள் வாழ்த்துகளை அழித்திருப்பார்.

காலக்கெடு வேறு இருக்கிறது. பெண் 20 வயது முடிவதற்குள் ரத்து மனு போட்டாக வேண்டும். நெட்வொர்க் சரியில்லை, தாய்மாமன் வெளியூர், அடுத்த வாரம் பேசலாம் என்று இழுத்தாலே போதும், ஜோத்பூர் தீர்ப்பு மாதிரி ஒன்று எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காது.

பெண்ணிடம் போன் ஏது? பள்ளியை நிறுத்திய அன்றே பிடுங்கியாயிற்று. அப்பாவின் போனில், அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “உனக்குச் சம்மதமாம்மா?” என்பார் நடுவர். தலையாட்டாமல் என்ன செய்வாள்? பிரிட்டனில் கட்டாயத் திருமணத்துக்கான அரசு வழிகாட்டுதல், குடும்பத்தோடு சமரசம் பேசாதே என்றே எச்சரிக்கிறது. பேசப்போய்ப் பெண்கள் கொலையான அனுபவம் அவர்களுக்கு உண்டு.

நம்மூருக்குச் சமரசம் புதிதா? அதிகாரிகள் கல்யாணத்தை நிறுத்தி, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள்; வேறு ஊர்க் கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறும். புருஷன் அடித்தான் என்று ஸ்டேஷனுக்குப் போனாலும் “அனுசரிச்சுப் போம்மா”தான். கட்டப்பஞ்சாயத்துக்கு ஆலமரம் போய் ஆப் வந்திருக்கிறது, அவ்வளவே. அதற்குக் கொட்டும் காசில் குழந்தைகள் உதவி எண் 1098-இல் போனை எடுக்க இன்னும் நாலு பேரைப் போடுங்கள். ஓடிவரும் பெண் தங்க ஒரு விடுதி திறங்கள். தெரிந்தே மந்திரம் ஓதியவர், பந்தல் போட்டுக் கொடுத்தவர், மொய் எழுதிய பெரிய மனிதர் என்று ஒருவரையும் விடாமல் வழக்குப் போடுங்கள். நடத்தியவருக்கும் உடந்தையானவருக்கும் 2 ஆண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில்தான் இருக்கிறது.