பூட்டிய வீடுகளும் பரிசோதனைப் பட்டியலும்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டபோது, நோயாளி மருத்துவமனைக்கு வரும் வழக்கத்தை மாற்றி, மருத்துவம் அவர் வீட்டுக்குச் செல்லும் வழி பிறந்தது. அதன் பயனை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் கல்வராயன் மலையில் செவிலியர் கதவைத் தட்டும் நாளில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டார் மிளகு பறிக்கக் கேரளத்திலோ, காப்பித் தோட்டத்தில் கருநாடகத்திலோ இருப்பர். பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதப்படுகிறது. அடுத்த சுற்றிலும் அதுவே.

இக்குறை செவிலியருடையதன்று, பரிசோதனை நெறிமுறை ஓரிடத்திலேயே வாழ்வோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதால் வந்தது. தேசிய அளவில் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. வயதைக் கேட்கும் படிவம், 'எங்கே வேலை செய்தீர்கள், என்ன வேலை, எப்போது மீண்டும் புறப்படுவீர்கள்?' என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கல்லுடைக்கும் இடத்தில் பத்தாண்டு தூசியை உள்ளிழுத்த இளைஞருக்கு வயது 28 என்பதால் அவர் நுரையீரலைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவைப்பது முறையாகாது. மழைக்காலத்தில் கேரள வயல்களில் நின்றுவிட்டுக் காய்ச்சலோடு திரும்பியவரிடம் எலிக்காய்ச்சலை நினைத்துப் பார்க்கவேண்டும். தொடக்கத்தில் அது சாதாரணக் காய்ச்சலைப் போலவே தோன்றும். இந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதனால், வெளியூரிலிருந்து திரும்பியவர் ஒவ்வொருவரையும் நோயைச் சுமந்து வந்தவராகப் பார்க்கலாம் என்று பொருளில்லை. அத்தகைய பார்வைதான் அவர்களை மருத்துவமனையிலிருந்து விரட்டுகிறது. பரிசோதனை முடிவு மேஸ்திரிக்கோ முதலாளிக்கோ சொல்லப்படாது என்ற உறுதியை முதலிலேயே தரவேண்டும்; கூலி போய்விடும் என்ற அச்சம் இருமலைவிடப் பெரிது.

காலமும் முக்கியம். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மக்கள் மலைக்குத் திரும்பும் நாட்களில் வெள்ளிமலையிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் முகாம் நடத்தினால், ஆண்டு முழுவதும் தட்டியும் திறவாத கதவுகள் திறக்கும். விடுமுறை நாளில் பணிக்கு வருவது ஊழியர்க்குச் சுமைதான்; ஈடான ஓய்வு நாளைத் தந்தே அதைக் கேட்கவேண்டும். அரிசி ஆலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வருவோர்க்கும் இது பொருந்தும். அவர்களுக்கு ஆலையின் ஓய்வு நேரமே முகாம் நேரம். அவர்கள் மொழி அறிந்த ஒருவரும் உடனிருக்க வேண்டும்.

காசநோய் மருந்து உட்கொள்வோர்க்குத் தனியே ஒரு வேண்டுகோள். வழக்கமான மருத்துவம் ஆறு மாதம். தோட்ட வேலைக்கான அழைப்பு அதற்குள் வந்துவிடும். இடையில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். உங்கள் பெயர் நிக்ஷய் பதிவில் இருக்கிறது. செல்லும் ஊரின் அரசு மையத்துக்கு அதை மாற்றித் தர இயலும், அங்கும் மருந்து இலவசமே. புறப்படுவதற்கு முன் எங்களிடம் ஊர்ப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொல்லிச் செல்லுங்கள். திடீரென்று கிளம்ப நேர்ந்தால், வீட்டிலிருப்பவர் வந்து சொன்னாலும் போதும்.