தீர்க்கதரிசனம் சொல்லுங்கள், சோதிக்கவும் விடுங்கள்!

"கர்த்தர் சொல்கிறார்" என்று ஒருவர் மைக்கில் ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. எங்கள் திருப்பரங்குன்றம் பக்கம் பல ஜெபக்கூட்டங்களில் இது எழுதப்படாத சட்டம். இந்தச் சட்டம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே நமக்கு "விசுவாசக் குறைவு" பட்டம் கட்டிவிடுவார்கள். பரவாயில்லை, கேட்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீர்க்கதரிசன வரமே பொய் என்று நான் வாதாட வரவில்லை. வரம் ஒரே நாளில் கிடைக்கலாம். ஊழியம் முதிர வருஷங்கள் ஆகும் என்பதுதான் என் கட்சி. நம் ஊரில் முதல் நாளே மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்!

இது புதுக்கதையும் இல்லை. 1860-ல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திய எழுப்புதலில் தமிழ் விசுவாசிகள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். அமெரிக்காவில் அசுசா தெரு எழுப்புதல் நடந்த 1906-க்கு 46 வருஷம் முன்பே! பெருமைப்படலாம். ஆனால் அந்த அலை 1870-களில் திருவிதாங்கூருக்குப் போனபின் நடந்ததையும் படிக்க வேண்டும். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த போதகர் யுஸ்துஸ் ஜோசப்பும் அவருடைய கூட்டத்தாரும் 1875-ல், இன்னும் ஐந்தரை வருஷத்தில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் அவர்களை "அஞ்சரை வேதக்காரர்" என்றே அழைத்தார்கள். 1881 வந்தது, போனது. பலர் மனமுடைந்து விலகினார்கள். யுஸ்துஸ் ஜோசப் எழுதிய மலையாளப் பாட்டுகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. பாட்டு நின்றது, தேதி நிற்கவில்லை. வரம் பெற்ற, பக்தியுள்ள மனிதரும் தவறலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேதம் என்ன சொல்கிறது? 1 கொரிந்தியர் 14:29-ல் பவுல் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்கிறார். "மற்றவர்கள்" என்பது நாம்தான் நண்பர்களே! நாத்தானைப் பாருங்கள். ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம் தாராளமாகச் செய்யும் என்றார். அன்று ராத்திரியே தேவன் மறுத்துச் சொன்னதும், திரும்பிப் போய் ராஜாவிடமே மாற்றிச் சொன்னார். கௌரவம் பார்க்கவில்லை. அதுதான் முதிர்ச்சி. அனனியாவோ இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று கேட்க இனிப்பான செய்தி சொன்னான். கை தட்டியிருப்பார்கள். எரேமியா 28-ஐ வாசித்தால் முடிவு தெரியும்.

இன்று நடப்பது என்ன? பிளஸ் டூ மாணவியிடம் "உனக்கு டாக்டர் சீட்டு உண்டு" என்று சொல்லிவிட்டு ஊழியக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். சீட்டு கிடைக்காதபோது பழி யார்மேல்? அவள் ஜெபம் போதவில்லையாம்! எனக்குத் தெரிந்த ஒரு தோழி ஒரு வருஷம் முழுக்க இந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்தாள். சொன்னவருக்கு அவள் பெயர்கூட ஞாபகம் இருக்காது.

2020 அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் ஜெயிப்பார் என்று தீர்க்கதரிசனம் சொன்ன பலரில் ஜெரமையா ஜான்சனும் ஒருவர். 2021 ஜனவரியில் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் யார் தெரியுமா? அதே தீர்க்கதரிசனத்தை நம்பியவர்கள்! தவறியதை ஒத்துக்கொள்ளும் ஊழியரைச் சபையே தண்டித்தால் எவர் ஒத்துக்கொள்வார்? இதில் நம் பங்கும் இருக்கிறது.

"ஆவியை அணைக்கிறாயா?" என்று கேட்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 5-ல் அந்த எச்சரிப்பு 19-ம் வசனம். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்வது 21-ம் வசனம். இரண்டு வசனம் தள்ளி வாசிக்க இவ்வளவு சிரமமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூப்பர்கள் இரண்டு மூன்று பேர் நிதானிக்கட்டும். கல்யாணம், படிப்பு, சொத்து பற்றித் தனியாக அழைத்துச் சொல்லாதீர்கள். சொன்ன கையோடு காணிக்கைப் பையை நீட்டாதீர்கள். பலிக்கவில்லையென்றால், சொன்ன அதே மைக்கில் அதையும் சொல்லுங்கள்.

அப்போஸ்தலர் 11-ல் அகபு பஞ்சம் வரும் என்றார். கேட்ட அந்தியோகியா விசுவாசிகள் அவரவர் திராணிக்குத் தக்கபடி யூதேயாவில் இருந்தவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். தீர்க்கதரிசனம் கேட்டவர்கள் அடுத்தவன் பசியை நினைத்தார்கள். நம் கூட்டங்களில் அவரவர் விசாவை நினைக்கிறோம். இனி யாராவது உங்கள் எதிர்காலத்தைச் சொன்னால், "ஐயா, இதை எங்கள் சபை மூப்பர்கள் முன்னால் சொல்வீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். முதிர்ந்தவர் சந்தோஷமாக வருவார்.